அலுமாரிக்குள் நின்ற ஆள்

போன மாதம் அந்தப் படத்தைக் கைபேசியில் பார்த்தேன். அலுமாரிக்குள் ஆள் ஒளிந்திருக்கும் கட்டம் மொத்தமே நாலு நிமிடம்தான். நமக்குத் தெரிந்ததை அங்கே சாவி தேடும் பெண்ணுக்குத் தெரியாமல் வைத்தே நெஞ்சைப் பிசைந்துவிடுகிறார் அந்த இயக்குநர். எட்டு வயதில் அதே கட்டத்தை மாமாவின் வாயால் ஒரு மணித்தியாலம் கேட்டிருக்கிறேன்.

அன்று மாமா அமிர்தகழிக்குப் போனது படம் பார்க்க அல்ல. அவருடைய தங்கை, என் சின்னம்மாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளை வீட்டாரின் முடிவைக் கேட்டுவரப் போனார். சம்பந்தம் பேசப் போனவர் நல்ல சேதியோடு வந்தால் வாசல் படலையில் நின்றே இனிப்புக் கேட்பது எங்கள் வீட்டு வழக்கம். அதற்காக அம்மா ஒரு தட்டில் கற்கண்டு வைத்து மூடியிருந்தா. மாமா கேட்கும்வரை தொடக் கூடாதென்று எனக்குக் கட்டளை. அன்று எங்கள் ஊர் பனிச்சங்கேணியில் மாமாவின் வரவை என்னைவிட ஆவலாக யாரும் பார்த்திருக்க மாட்டார்கள்.

பின்னேரம் மாமா வந்தார். தண்ணீர் கேட்டார். குடித்துவிட்டு, றால் உரித்துக்கொண்டிருந்த சின்னம்மாவுக்குப் பக்கத்தில் அமர்ந்தார்.

"டவுனில ஒரு படம் பார்த்தன் கா."

சும்மா சொல்லக் கூடாது, மனிதர் கதை சொன்னால் அடுப்பில் சோறு கருகும்.

"அலுமாரிக்குள்ள ஒருத்தன் நிக்கான். நமக்குத் தெரியும், சாவி தேடுற பொம்பிளைக்குத் தெரியா. டைரக்டர் கெட்டிக்காரன், திறக்கவே விடுறான் இல்ல. சாவிய எடுத்தா போன் அடிக்குது, போன வெச்சா பால் பொங்குது."

"மறுகா என்ன நடந்த?" என்றா சின்னம்மா.

தபால்காரன் வந்தான். பூனை குறுக்கே ஓடியது. இந்த இரண்டும் படத்தில் இல்லவே இல்லை. ஒவ்வொன்றுக்கும் சின்னம்மா "மறுகா?" என்று கேட்டா. றால் முடிந்த பிறகும் வெறும் றால் ஓடுகளைக் கிளறியபடி கேட்டா. நான் பயத்தில் மாமா கட்டியிருந்த சாரத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அம்மா மட்டும் மூடிவைத்த தட்டையே பார்த்துக்கொண்டிருந்தா.

கடைசியில் அலுமாரி திறந்தது, படமும் முடிந்தது. எனக்குப் பொறுக்கவில்லை.

"மாமா, கற்கண்டு கேக்க மறந்திட்டீங்களா?"

அம்மா தொடையில் கிள்ளினா. மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

"அவங்களுக்கு வேற இடம் சரிவந்திட்டாம் கா."

"நீங்க தண்ணி கேட்டதிலயே விளங்கிட்டு அண்ண," என்றா சின்னம்மா. பிறகு கையைக் கழுவி, தட்டைத் திறந்து, ஒரு கற்கண்டை என் வாயில் போட்டா. "நீ தின்னு புள்ள."

பாவம், கதை முடியக் கூடாதென்றுதான் அவ அத்தனை தரம் "மறுகா" கேட்டிருக்கிறா. எனக்கு அது எங்கே தெரிந்தது? கற்கண்டு நல்ல இனிப்பு. இன்னும் ஒன்று கேட்டேன்.