கூட்டம் ஒட்டுகிறவள்

அரசு அச்சகத்தில் அவளை ஒட்டக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வேலை அப்படி. தலைவர் பேசும் மைதானத்தில் ஆள் குறைந்தால், படத்தில் கூட்டம் சேர்ப்பது அவள் பொறுப்பு. பழைய படங்களிலிருந்து தலைகளைக் கத்தரித்து, காலி இடத்தில் ஒட்டி, ஓரங்களைத் தூரிகையால் மறைத்து, மறுபடி படமெடுத்தால் நாடே திரண்ட மாதிரி சுவரொட்டி தயார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற அரசாங்கத்துக்கு இதெல்லாம் ஒரு வேலையா?

“நம்ம கூட்டத்துக்குச் சாப்பாடு வேண்டாம், லாரி வேண்டாம். பசை இருந்தா போதும்” என்று அவளே சொல்லிச் சிரிப்பாள். அது தம்பியைக் கொண்டுபோவதற்கு முன்.

தம்பி பேருந்து ஓட்டுநர். வேலைநிறுத்தத்தில் முன்னால் நின்றான். விசாரித்துவிட்டு அனுப்புகிறோம் என்று வாசலிலேயே வண்டியில் ஏற்றினார்கள். பிறகு எந்த அலுவலகத்தில் கேட்டாலும், “அப்படி ஒருத்தரை நாங்க கூட்டிட்டே வரலியேம்மா” என்ற ஒரே பதில்தான். அம்மா கதவைத் தாழ் போடாமல் படுக்க ஆரம்பித்தாள்.

“செத்துட்டான்னு சொன்னாக்கூட அழுது தீர்த்துடுவேன்டி. இருக்கானா இல்லையான்னே தெரியாம என்ன பொழப்பு இது?”

ஒருநாள் மைதானப் படத்தில் ஓர் ஆள் நிற்கிற இடம் காலியாக இருந்தது. ஓட்டுநர் உரிமத்துக்கு எடுத்த தம்பியின் படத்தை அங்கே ஒட்டிவிட்டாள். ஏன் ஒட்டினாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது. அடுத்த வாரம் தெருவில் இறங்கினால் சுவருக்குச் சுவர் தம்பி நிற்கிறான். பயந்துகொண்டே ஒவ்வொரு தெருவாகப் போய்ப் பார்த்தாள்.

காதும் காதும் வைத்தாற்போல் செய்த காரியம்தான், ஆனாலும் பெற்ற வயிறுகளுக்கு எப்படியோ எட்டிவிட்டது. அச்சகத்தைப் பெருக்குகிற அம்மாள் முந்தானைக்குள்ளிருந்து ஒரு படத்தை எடுத்து நீட்டினாள். “என் பொண்ணையும் நிக்க வெச்சிடும்மா.” அவளைப் பார்த்து இன்னொருத்தி வந்தாள். போகப்போக, தலைவருக்குப் பின்னால் நின்றதெல்லாம் காணாமல் போனவர்கள்தான். முன்னால் அவர் கையசைத்துச் சிரித்துக்கொண்டிருந்தார். சுவரொட்டியைத் தொட்டுத் தொட்டு அழுகிற பெண்களைப் பார்த்து, தலைவர் மேல் இவ்வளவு பாசமா என்று காவலர்கள் பூரித்துப்போனார்கள்.

ஒரு குறை இருந்தது. ஒட்டுகிற தலை தலைவரைப் பார்க்க வேண்டும் என்பது அந்தத் தொழிலின் முதல் பாடம். அடையாள அட்டைக்கு எடுத்த முகமோ நேரே பார்க்கும். அதை எப்படி ஒட்டினாலும் தெருவில் போகிறவனைத்தான் பார்க்கும். தெரிந்தேதான் ஒட்டினாள்.

கடைசியில் அதுவே காட்டிக்கொடுத்தது. உளவுத்துறை அதிகாரி ஒருவர் சுவரொட்டியைச் சுருட்டிக்கொண்டு வந்து அவள் மேசைமேல் விரித்தார்.

“இவங்கல்லாம் யாரு? ஏன் தலைவரைப் பார்க்கல?”

தன் கதை முடிந்தது என்றே ஒட்டக்கா நினைத்தாள். அச்சகத்தில் சொல்லிக்கொடுத்திருந்த பதில்தான் வாயில் வந்தது.

“எல்லாரும் போன வாரம் மைதானத்துக்கு வந்தவங்கதான் சார்.”

“யார்கிட்ட புளுகறே?” அதிகாரியின் விரல் தம்பியின் முகத்தில் குத்தி நின்றது. “இவன் எப்படிப் போன வாரம் வந்திருப்பான்? மழைக்காலத்துலயே இவனை நாங்க…”

அவர் விரலை மெல்ல எடுத்தார்.

அவள் நிமிர்ந்து அவரை நேரே பார்த்தாள்.

“எங்க சார் புதைச்சீங்க? அம்மா கேப்பாங்க.”