நேரில் வந்து சொல்லாத அழைப்பு

என் தங்கையின் கணவரை, அவருடைய மகள் பெரியவளானதற்கு வைத்த சாமத்தியவீட்டில், வந்திருந்த சனம் முழுவதும் பார்த்திருக்க முகத்தில் குத்தினேன். மூக்கிலிருந்து வடிந்த இரத்தம் அவருடைய பட்டு வேட்டியில் விழுந்தது. அவர் செய்த குற்றம், என்னை அந்தச் சடங்குக்கு டெலிபோனில் அழைத்தது.

வேறு காரணம் எதுவும் இல்லை. பல வருடங்களாக வேறு காரணம் தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. எங்கள் வழக்கப்படி நல்ல காரியத்துக்கு உரித்துக்காரரை வீடு தேடிப் போய்த்தான் அழைக்க வேண்டும். நானோ பெண்ணின் தாய்மாமன். அவள் தலையில் தண்ணீர் வார்க்கும்போது தேங்காய் உடைக்க வேண்டியவன். அவர்கள் குரோய்டனில் இருந்தார்கள், நாங்கள் எட்மண்டனில். லண்டனின் தெற்கிலிருந்து வடக்குக்கு வந்துபோவதென்றால் ஒரு நாள் போய்விடும். இது எனக்குத் தெரியாததல்ல. ஆனாலும் டெலிபோனை வைத்த நேரத்திலிருந்து மூன்று வாரம் அந்த அழைப்பையே மென்றுகொண்டிருந்தேன்.

சடங்கன்று பள்ளிக்கூட மண்டபத்து வாசலில் மச்சான் என் தோளில் கை வைத்தார்.

"டெலிபோனிலை சொன்னதெண்டு குறை நினைக்காதேங்கோ மச்சான்" என்றார்.

அந்த மனிதர் மன்னிப்புத்தான் கேட்டார். அதற்குத்தான் குத்தினேன்.

மண்டபத்தைப் பார்த்துக்கொள்ளும் வெள்ளைக்காரர் பொலிசைக் கூப்பிட்டார். என்னைக் கூட்டிக்கொண்டு போகும்போது மருமகள் பூமாலையும் கையுமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேள்விப்பட்டேன், மாமன் முறைக்கு வேறு யாரும் இல்லாததால் வீடியோ எடுக்க வந்தவரே கமராவைக் கீழே வைத்துவிட்டுத் தேங்காயை உடைத்தாராம். அதனால் கசெற்றில் அந்தக் காட்சியே இல்லை.

ஊரில் கணிதம் படிப்பித்தவன் நான். லண்டனில் கவுன்சில் கந்தோரில் வேலை செய்தேன். நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டேன். சிறைக்கு அனுப்பவில்லை, ஒரு வருடம் புரொபேஷன் அதிகாரியின் கண்காணிப்பு. அதோடு பன்னிரண்டு புதன்கிழமைகள் கோபத்தை அடக்கும் வகுப்புக்குப் போக வேண்டும், மச்சான் சம்மதிக்காமல் அவர் வீட்டுப் பக்கம் போகக் கூடாது. தங்கையோ என்னோடு பேசுவதை விட்டுவிட்டாள். இந்த நாட்டில் எனக்கிருந்த ஒரே கூடப்பிறந்தவள் அவள்.

வகுப்பு ஒரு நூலகத்தின் மேல்மாடியில் நடந்தது. நாங்கள் எட்டுப் பேர். முன்பு தாதியாக இருந்த ஒரு மெலிந்த பெண்மணி நடத்தினார். முதல் நாள் ஒவ்வொருவரும் செய்ததைச் சொல்ல வேண்டும். கூரை வேயும் ஐரிஷ்காரர் ஒருவர், தன் முதலாளியின் வானுக்குள் ஏணியை எறிந்ததாகச் சொன்னார், கண்ணாடி மூடியிருந்ததாம். என் முறை வந்தது. மச்சானைக் குத்தினேன், அவர் என்னைச் சடங்குக்கு டெலிபோனில் அழைத்தார் என்றேன். எல்லோரும் மிச்சக் கதைக்காகக் காத்திருந்தார்கள். மிச்சம் இல்லை என்று விளங்கியதும் மேசை குலுங்கச் சிரித்தார்கள். ஜமெய்க்காவிலிருந்து வந்த பஸ் சாரதி மட்டும் சிரிக்கவில்லை. தன் மாமி ஒருத்தியை யாரோ செத்தவீட்டுக்கு முறையாக அழைக்கவில்லை என்றும், ஒன்பது வருடமாகியும் அவள் பேசவில்லை என்றும் சொன்னார்.

எனக்குக் கோபம் வந்தது. உடம்பில் எங்கே தெரிகிறது என்று பெண்மணி கேட்டார். யோசித்துப் பார்த்துவிட்டுக் காதில் என்றேன். அன்றிலிருந்து ஐரிஷ்காரர் என்னைக் காணும்போதெல்லாம் காது சிவந்திருக்கிறதா என்று பார்ப்பார். கறுத்த தோலில் அது தெரியாது என்றேன். அப்படியென்றால் சூடு பார்க்கிறேன் என்று கையை நீட்டினார். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தப் புதன்கிழமைகளுக்காக நான் காத்திருக்கத் தொடங்கினேன். வேலையிடத்தில் ஒருவரும் என்னோடு அப்படிச் சிரித்ததில்லை.

ஏழாவது வாரம் நடித்துப் பார்க்கச் சொன்னார்கள். ஐரிஷ்காரர் மச்சானாக நடிக்க முன்வந்தார். அரைகுறையாகச் செய்கிற மனிதர் அல்ல அவர். மச்சான் எப்படி நிற்பார், என்ன வேலை, எத்தனை மணிக்கு எழும்புவார் என்று துருவித் துருவிக் கேட்டார். பகலில் பெட்டி அடைக்கும் தொழிற்சாலை, பின்னேரம் பெற்றோல் ஷெட், சனி ஞாயிறும் ஷிப்ட் என்று சொன்னேன். அவர் விரல் விட்டு எண்ணினார். பிறகு முகத்தைக் களைத்தாற்போல் வைத்துக்கொண்டு, என்னிடம் கற்ற ஒரே தமிழ்ச் சொல்லால் "மச்சான்" என்று கூப்பிட்டு, உன் வீட்டுக்கு நான் எந்த நேரத்தில் வருவது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

நானும் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், ஒரு நேரமும் மிஞ்சவில்லை. அப்போது பெண்மணி, நீங்கள் கடைசியாக அவர் வீட்டுக்குப் போனது எப்போது என்று கேட்டார். சடங்குக்கு முன் பதினொரு மாதம் நான் அங்கே போகவில்லை. மருமகள் பெரியவளான செய்தி வந்தபோது நான் எப்படி விசாரித்தேன் என்பதும் அந்த நேரத்தில்தான் நினைவுக்கு வந்தது. டெலிபோனில்தான். அதையும் வகுப்பில் சொன்னேன். இந்த முறை ஒருவரும் சிரிக்கவில்லை, நானே முதலில் சிரித்தேன்.

கடைசி வகுப்பன்று குடும்பத்தாரையும் கூட்டிவரலாம், தேநீர் உண்டு என்றார்கள். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. புரொபேஷன் அதிகாரி மச்சானுக்கு டெலிபோன் செய்து சம்மதம் கேட்டார். வரட்டும் என்றாராம். ஞாயிறு காலை நானும் மனைவியும் வெற்றிலை, பாக்கு, சந்தனம், குங்குமம் எல்லாம் வைத்த தட்டத்தோடு ரயிலேறினோம்.

"கோப வகுப்புக்கு ஆராவது தட்டம் கொண்டுபோய்ச் சொல்லுறவையே?" என்று மனைவி வழி முழுக்கச் சிரித்தாள்.

மச்சான் பெற்றோல் ஷெட் சீருடைச் சேட்டோடு கதவைத் திறந்தார். வாசலிலேயே நின்று சொன்னேன்.

"உங்களிலை ஒரு பிழையும் இல்லை மச்சான். அடிச்சது நான், பிழையும் என்ரைதான். பிள்ளையின்ரை நாளையும் கெடுத்துப்போட்டன்." பிறகு தட்டத்தை நீட்டினேன். "வாற புதன்கிழமை வகுப்பு முடியுது. தேத்தண்ணி குடுக்கினம். நீங்கள் குடும்பமாய் வரவேணும்."

அவர் தட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இதை டெலிபோனிலை சொல்லியிருக்கலாமே மச்சான்."

உள்ளேயிருந்து தங்கை சிரிக்கும் சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது முகத்தில் சிரிப்பு இல்லை.

"சிரிச்சிட்டன் எண்டதுக்காக மறந்திட்டன் எண்டு நினையாதேங்கோ அண்ணை" என்றாள். ஆனால் குங்குமத்தை எடுத்து வைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை மூவரும் வந்தார்கள். ஐரிஷ்காரர் நேரே போய் மச்சானின் கையைப் பிடித்து, சில வாரமாக நான்தான் நீ, உன் வாழ்க்கை சரியான களைப்பு என்றார். மச்சானுக்குத் தலையும் வாலும் விளங்கவில்லை. நான் விளக்கியதும் கோப்பையிலிருந்த தேநீர் சிந்தச் சிரித்தார். மருமகள் என் சான்றிதழை வாங்கி இரண்டு தரம் வாசித்துவிட்டு, மாமா பாஸா என்று கேட்டாள்.

தங்கை சொன்னது உண்மைதான், அவள் மறக்கவில்லை. அதன் பிறகு ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு குரோய்டனுக்குப் போனேன். தேத்தண்ணி தருவாள், ஆனால் கூட இருக்க மாட்டாள். ஒரு வருடம் கழித்து ஒரு நாள் தன் கோப்பையையும் எடுத்துக்கொண்டு வந்து எதிரில் இருந்தாள். விலைவாசி பற்றிப் பேசினோம். திரும்பி வரும்போது ரயிலில் எனக்குப் பாட்டு வந்தது.

தொண்ணூறுகளின் கடைசியில் மருமகளுக்குக் கலியாணம் வந்தது. அவளே எனக்கு டெலிபோன் செய்தாள்.

"மாமா, அப்பாவும் அம்மாவும் நேரிலை வர நிண்டவை. நான்தான் வேண்டாம் எண்டனான். தேங்காய் நீங்கள்தான் உடைக்கவேணும். இந்த முறை கமரா ஓடும்."

அவள் சொல்லி முடிக்கும் முன் வாறன் என்றேன்.

அந்தக் கசெற் எங்கள் வீட்டில் இருக்கிறது. முதல் அடியில் தேங்காய் உடையவில்லை. இரண்டாவது அடியிலும் உடையவில்லை. பக்கத்தில் நிற்கும் மச்சான் மெதுவாகச் சொல்வது தெளிவாகக் கேட்கும்:

"அண்டைக்கு எனக்கு ஒரு அடிதானே தேவைப்பட்டது மச்சான்."