முதல் பக்கத்துப் பிள்ளையார் சுழி

சுஜீவாவை முதன்முதலாகக் கண்டது நூலகத்துப் பிரிண்டரடியில். லுசேர்ன் ரயில் நிலையத்துக்குப் பக்கத்திலிருக்கும் அந்த நூலகத்தில் வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் பிரிண்டருக்கு முன்னால் எப்போதும் ஒரு வரிசை நிற்கும். இதை எழுதுகிறவனின் முறை வந்தபோது யாருடையதோ இருபத்தெட்டுப் பக்கங்கள் தட்டில் சூட்டோடு கிடந்தன. எல்லாம் ஜெர்மன். சட்டக் கட்டுரை. பக்கத்துக்குப் பாதி அடிக்குறிப்பு. எடுத்து ஓரமாக வைக்கப் போனவன் முதல் பக்கத்தின் உச்சியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான். நட்டநடுவே, சாம்பல் நிறத்தில், எறும்பளவில் ஒரு 'உ'. பிள்ளையார் சுழி.

படுவான்கரைக் கிராமமொன்றிலிருந்து முதல் ஆளாகப் பட்டம் எடுத்து வந்தவனுக்குச் சுழி புதிதல்ல. ஊர்ப் பள்ளிக்கூடப் பரீட்சை தொடக்கம் விசா விண்ணப்பம் வரை அதைப் போடாமல் அவன் ஒரு தாளிலும் பேனை வைத்ததில்லை. தன் பட்டத்தில் பிள்ளையாருக்கும் பங்கு உண்டென்று யாரும் சொன்னால் மறுக்கமாட்டான். ஆனால் சுவிஸ் சட்டக் கட்டுரையின் தலையிலேயா!

"அக்கா, இது உங்கடயோ?" என்று சிரித்தபடி நீட்டினான். "சுழியெல்லாம் போட்டிருக்கிறீங்க. எங்கட ஆக்கள்தானே?"

கறுப்புக் கோட்டுப் போட்டிருந்த அந்தப் பெண் தாளை வாங்கி உச்சியைப் பார்த்தாள். முகம் வெளிறிப் போனது.

"ஐயோ," என்றாள். "இதை நேற்றே அனுப்பிட்டன்."

ஏன் அப்படிப் பயந்தாள் என்பதை அவள் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னாள்.

சுஜீவா எம்மன்புரூக்கேயில் பிறந்தவள். தகப்பன் யோகலிங்கம் முதியோர் இல்லமொன்றின் சமையலறையில் வேலை. தாய் அழகிப்பிள்ளை அதே இல்லத்தில் உடுப்புத் தோய்க்கும் பகுதியில். மகள் சட்டம் படித்து, பல்கலைக்கழகத்தில் உதவியாளராகி, கலாநிதிப் பட்ட ஆய்வையும் தொடங்கியிருந்தாள். அந்த வேலையின் ஒப்பந்தம் ஜூலையோடு முடிகிறது. ஜூன் கடைசிக்குள் பெயருள்ள சட்டச் சஞ்சிகை ஒன்று அவளுடைய கட்டுரையை ஏற்றுக்கொண்டால் இன்னும் மூன்று வருடம் கிடைக்கும். இல்லையென்றால் மேசையைக் காலி பண்ண வேண்டியதுதான்.

கட்டுரையின் பொருளும் வீட்டிலிருந்து வந்ததுதான். அகதிக் கோரிக்கை வைத்தவரை விசாரித்து முடித்ததும், அவர் சொன்னதாக எழுதியதை அவருக்குத் திரும்ப வாசித்துக் காட்டி, ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து வாங்குவார்கள். பிறகு 'நான் அப்படிச் சொல்லவில்லையே' என்று அழுதாலும் எடுபடாது. கையெழுத்து இருக்கிறதே! ஆறு மணித்தியாலம் கேள்வி கேட்டுக் களைத்துப்போன மனிதர் வைத்த கையெழுத்து, அவர் விளங்கித்தான் வைத்தார் என்பதற்குச் சாட்சி ஆகாது என்பது சுஜீவாவின் வாதம். அதற்கு நேர்மாறாக எழுதியவர் அவளுடைய பல்கலைக்கழகத்திலேயே இருந்தார். அகதிச் சட்டத்தில் அவர் சொல்வதைத்தான் நீதிபதிகளும் மேற்கோள் காட்டுவார்கள். கட்டுரையின் மூன்றாம் பகுதி முழுக்க அந்தப் பேராசிரியரோடு சண்டை.

அந்தத் துணிச்சல் எப்படி வந்தது? எழுதியவர் யாரென்று, கட்டுரையை வாசித்து அச்சிடலாமா என்று சொல்லும் மதிப்பீட்டாளருக்குத் தெரியாது என்ற ஒரே நம்பிக்கையில் வந்தது. அந்தச் சஞ்சிகையின் விதி அப்படி. பெயர் இருக்கக்கூடாது, பெயரைக் காட்டிக்கொடுக்கும் எதுவும் இருக்கக்கூடாது. இரண்டு கிழமையாகச் சுஜீவா தன்னைத் தானே அழித்துக்கொண்டிருந்தாள். நன்றியுரையை எடுத்தாள். 'எனது முந்தைய கட்டுரையில்' என்ற இடங்களை மாற்றினாள். கோப்பின் உள்விவரத்தில் ஒளிந்திருந்த பெயரையும் தேடிப் பிடித்துத் துடைத்தாள். பிறகு, 'ஆசிரியரை அடையாளம் காட்டும் எந்தக் குறியும் இதில் இல்லை' என்ற உறுதிமொழியில் கையெழுத்து வைத்து அனுப்பினாள்.

சுழி மட்டும் கண்ணில் படவில்லை. பதினெட்டு வயதில், பள்ளிக் கடைசிப் பரீட்சைக்கு ஒப்படைத்த ஆய்வின் தலையில் யோகலிங்கம் நின்று போடுவித்தது அது. அந்தப் பரீட்சையில் சித்தியடைந்த நாளிலிருந்து அதே கணினிக் கோப்பைத்தான் எல்லாக் கட்டுரைக்கும் மாதிரியாக வைத்திருந்தாள். கடவுளை நம்புகிறாயா என்று கேட்டால் தோளைக் குலுக்குவாள். ஆனால் அந்த உ-வை அழிக்கப் பயம். அழித்த அன்றைக்கு ஏதாவது பிழைத்துப் போனால்? பயந்து பயந்து விட்டுவைத்தது, வருடக்கணக்கில் தன் முகத்து மச்சம்போலக் கண்ணுக்கே தெரியாமல் போய்விட்டது. அந்த வெள்ளிக்கிழமை அவள் நூலகத்துக்குப் பிரதி எடுக்க வந்ததுகூட, சாமித் தட்டில் வைக்க ஒன்று வேண்டும் என்று தகப்பன் கேட்டதால்தான்.

வீட்டுக்குப் போய்த் தாளை மேசையில் போட்டாள்.

"அப்பா, என்ட தலையில நானே மண்ணைப் போட்டிட்டன்."

யோகலிங்கம் கண்ணாடியைப் போட்டுப் பார்த்தார். "பிள்ளையார்தானே மனே. இவங்களுக்கு இது என்னெண்டு எங்க தெரியப்போகுது?"

"இது மதிப்பீட்டுக்கு அந்தப் பேராசிரியரிட்டத்தான் போகும். முப்பது வருசமாத் தமிழ் ஆக்களின்ட ஃபைல் பார்க்கிற மனிசன். தமிழ் எழுத்துத் தெரியாதோ? இந்த நாட்டில அகதிச் சட்டம் எழுதுற தமிழ்ப் பிள்ளை எத்தனை பேர் இருக்கு? எண்ண ஒரு விரல் மடக்கினாப் போதும். நான் சஞ்சிகைக்குச் சொல்லப்போறன்."

"சொல்லாத!" யோகலிங்கத்தின் குரல் உயர்ந்தது. "கேக்காத கேள்விக்கு வாய் திறக்காத. நான் பட்டது போதாதோ?"

அடுப்படியிலிருந்து அழகிப்பிள்ளை எட்டிப் பார்த்தாள். "ரெண்டு எண்டு சொன்ன மனிசன் புத்தி சொல்ல வந்திட்டார்."

வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த கதைதான். அகதியாக வந்த புதிதில் யோகலிங்கம் தன் விசாரணைத் தாளில் கையெழுத்து வைக்கமுன் பழக்கதோஷத்தில் ஒரு சுழியும் போட்டார். அதிகாரி பேனையை எடுத்துவைத்து, இது என்ன அடையாளம், எந்த இயக்கத்தின் குறி என்று கேட்டார். யோகலிங்கம் நடுங்கிப்போய், அது தமிழ் இலக்கம் இரண்டு என்றார். ஏன் இரண்டு? இரண்டாம் பிரதி. அப்படியானால் முதல் பிரதி யாரிடம்? அந்த முதல் பிரதியைத் தேடி இன்னும் ஒரு மணித்தியாலம் விசாரணை நடந்தது.

"சிரியுங்க, சிரியுங்க," என்றார் யோகலிங்கம். "அண்டைக்குத் திருப்பி அனுப்பியிருந்தா இவள் சட்டம் படிச்சிருக்க மாட்டாள்."

அன்றைக்குச் சுஜீவா சிரிக்கவில்லை. தகப்பன் சொன்னபடி சஞ்சிகைக்கும் ஒன்றும் எழுதவில்லை.

ஏப்ரல் போனது. மே வந்தது. மின்னஞ்சல் வந்து ஃபோன் அதிரும்போதெல்லாம் சஞ்சிகையோ என்று எடுத்துப் பார்த்தாள். கன்டீனில் அந்தப் பேராசிரியரின் சிரிப்பொலி கேட்டால் சாப்பாட்டுத் தட்டை அப்படியே வைத்துவிட்டு எழும்பினாள். மற்றவர்களின் கையெழுத்தைப் பற்றி இருபத்தெட்டுப் பக்கம் எழுதியவள் தானே வாசிக்காத தாளுக்குக் கையெழுத்து வைத்திருக்கிறாள். பொய் உறுதிமொழி கொடுத்த சட்டக்காரி என்று யாராவது ஒருநாள் சொன்னால்?

ஜூன் தொடக்கத்தில் ஒருநாள் லிஃப்ட் கதவு திறந்தது. உள்ளே அவர் தனியாக நின்றார்.

"செல்வி யோகலிங்கம்," என்றார் அன்பாக. தகப்பனின் பெயர் இந்த நாட்டில் அவளுக்குக் குடும்பப் பெயர்; அதை அவர் எழுத்தெழுத்தாக, கவனமாகச் சொன்னார். "அகதிச் சட்டத்தில் இப்போது சுவாரசியமான காலம், இல்லையா?"

"ஓம்," என்று தமிழிலேயே வாயில் வந்துவிட்டது.

இரண்டு மாடிதான். இறங்கியதும் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். அவருக்குத் தெரியும். வேறு எதற்கு அப்படிச் சொல்லவேண்டும்? அன்றிரவு ஒரு பொட்டும் கண் மூடவில்லை. விடிந்ததும், தகப்பன் வேலைக்குப் போன பிறகு, சஞ்சிகைக் காரியாலயத்துக்கு எழுதினாள்: முதல் பக்கத்தின் உச்சியிலிருப்பது தமிழ்ச் சமய அடையாளம், அது என்னைக் காட்டிக்கொடுக்கக்கூடும், நான் கவனிக்காமல் கையெழுத்து வைத்தேன்.

பத்து மணிக்கு ஃபோன் வந்தது. சஞ்சிகைக் காரியாலயத்தில் வேலை செய்யும் எலேனா.

"நீங்கள் நேர்மையாக எழுதியதற்கு நன்றி," என்றாள் எலேனா. பிறகு மூச்சை இழுத்துவிட்டாள். "எழுதாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்."

"விளங்கவில்லை."

"இதை நான் சொல்லவே கூடாது. கடைசி அறிக்கை நேற்றுப் பின்னேரம் வந்தது. இரண்டு மதிப்பீட்டாளரும் சம்மதம். மூன்றாம் பகுதி கடுமை, ஆனாலும் அச்சிடலாம் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். உங்கள் அடையாளத்தைப் பற்றியும் ஒரு வரி இருக்கிறது. முதல் பக்கத்தின் மேலே பிரிண்டர் அழுக்கு, துடைக்கவும்."

சுஜீவா சுவரோடு சாய்ந்தாள்.

"இப்போது நீங்களே எழுத்தில் தந்துவிட்டீர்கள். தெரிந்த பிறகு தெரியாததுபோல் நாங்கள் இருக்க முடியாது. வேறு இரண்டு பேருக்குத் திரும்ப அனுப்பவேண்டும். முடிவு அக்டோபரில்தான் வரும்."

"ஜூனுக்குள்..."

"முடியாது. மன்னியுங்கள்."

பின்னேரம் யோகலிங்கம் சேதி கேட்டார். "பிரிண்டர் அழுக்கோ," என்றார். சாமித் தட்டிலிருந்து அந்த முதல் பக்கத்தை எடுத்து உற்றுப் பார்த்தார். "எனக்கு அண்டைக்கு இது தோணாமப் போச்சே."

இந்த முறை சுஜீவாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே அழுதாள்.

ஜூலை முப்பத்தோராம் திகதி மேசையைக் காலி பண்ணினாள். அக்டோபரில் புது மதிப்பீட்டாளர்களில் ஒருவர் வேண்டாம் என்றார், மற்றவர் சரி என்றார்; மூன்றாமவரிடம் போய், மூன்றாம் பகுதியில் பாதி வெட்டுப்பட்டு, அடுத்த வசந்தத்தில் கட்டுரை வெளிவந்தது. சுழியைப் பிரிண்டர் அழுக்கென்று எழுதிய அந்த முதல் மதிப்பீட்டாளர் லிஃப்டில் நின்ற பேராசிரியர்தானா என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

சுஜீவா இப்போது அகதிகளுக்கான சட்ட ஆலோசனை நிலையமொன்றில் கிழமைக்கு நாலு நாள் வேலை செய்கிறாள். விசாரணை முடிந்து எழுதியதைத் திரும்ப வாசிக்கும் நேரத்தில் கோரிக்கையாளருக்குப் பக்கத்துக் கதிரையில் இருப்பது அவளுடைய வேலை. கலாநிதிப் பட்டம் இன்னும் முடியவில்லை. இருப்பது எம்மன்புரூக்கேயில், பெற்றோரின் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி.