ஸ்டாக்ஹோமில் ஒரு விசாரிப்பு

ரத்தம் எடுப்பது என் வேலை. வெஸ்ட்மீட் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் பதினான்கு வருடமாக அதைத்தான் செய்கிறேன். எதிரே உட்கார்ந்திருப்பவர் நேற்று வந்தவராகவே இருந்தாலும், பெயரையும் பிறந்த தேதியையும் அவர் வாயால் இரண்டு தடவை சொல்லவைக்காமல் ஊசியைத் தொடமாட்டேன். சிலர் முறைப்பார்கள். முறைத்துவிட்டுப் போகட்டும். குழாய் மாறிப்போனால் பதில் சொல்லவேண்டியது நான்தானே. இந்த வேலையால்தான் எனக்குச் சந்தேகப் புத்தி வந்தது என்று என் சின்ன மகள் சொல்வாள். அது தப்பு. அந்தப் புத்தி முதலிலேயே இருந்ததால்தான் வேலை எனக்கு ஒட்டிக்கொண்டது.

அவளுக்கு அப்போது இருபத்தைந்து வயது. பிளாக்டவுனில் ஒரு மருந்துக்கடையில் பார்மசிஸ்ட். மாலை நான்கு மணியிலிருந்து ஒன்பது வரை அவளுடைய நேரம். எனக்கு விடிகாலை ஆறிலிருந்து இரண்டரை வரை. நான் வீட்டுக்குள் நுழையும்போது அவள் கிளம்பத் தயாராகிக்கொண்டிருப்பாள். அப்படி ஒரு மத்தியானம், ஷூ லேஸைக் கட்டிக்கொண்டே சொன்னாள், மூன்று மாதம் ஸ்டாக்ஹோம் போகப்போகிறாளாம். எதற்கடி என்றேன். ஒரு பாடகியோடு சேர்ந்து பாட்டு எழுத என்றாள்.

பாட்டா? இவளா? லேப்டாப்பில் என்னவோ தட்டிக்கொண்டிருப்பாள், காதில் எப்போதும் ஹெட்போன் இருக்கும், அவ்வளவுதான் எனக்குத் தெரியும். தான் செய்த மெட்டுகளை இன்டர்நெட்டில் போட்டு வைப்பாளாம். அதில் ஒன்றை ஸ்வீடனில் ஒரு பெரிய பாடகி கேட்டுவிட்டு, தானாகவே இவளுக்கு எழுதினாளாம். நான்கு மாதமாக இரண்டு பேரும் குரலைப் பதிவு செய்து மாற்றி மாற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறார்களாம். நான்கு மாதம்! ஒரே கூரைக்குக் கீழே இருக்கிறேன், எனக்கு ஒரு வார்த்தை இல்லை.

அந்தப் பாடகியின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. என்னால் அவளுக்கு வந்த தொல்லையே போதும்.

மறுநாள் டீ இடைவேளையில் போனை எடுத்துவைத்துக்கொண்டு அவள் ஜாதகத்தையே தோண்டினேன். நாற்பது தாண்டியவள். பத்தொன்பது வயதில் படுக்கையறையில் ஒரு கீபோர்டையும் ஓட்டைக் கம்ப்யூட்டரையும் வைத்துக்கொண்டு செய்த பாட்டு ஐரோப்பா முழுக்க ஓடியிருக்கிறது. எலெக்ட்ரோபாப் என்கிறார்கள். மெஷின் தாளம் தட்டும், அதற்கு மேலே ஒற்றைக் குரல் போகும். கேட்டால் ஆடத் தோன்றும், வார்த்தையைக் கவனித்தால் அழுகை வரும். இரண்டு ஆல்பம் போட்டாள். ஊர் ஊராகப் போனாள். வெள்ளிக் கோட்டு போட்டுக்கொண்டு எடுத்த படங்கள் நிறைய இருக்கின்றன. அப்புறம் திடீரென்று ஆளைக் காணோம். சில வருடம் கழித்துப் பார்த்தால், வேறு ஒரு பெயரை வைத்துக்கொண்டு மற்றவர்களுக்குப் பாட்டு எழுதிக் கொடுத்திருக்கிறாள். பிறகு அதுவும் நின்றுவிட்டது.

நல்லபடியாக இருக்கிற ஒருத்திக்கு எதற்கு இரண்டு பெயர்? என் நாற்காலியில் வந்து உட்கார்ந்து இரண்டு பெயர் சொல்கிறவர்களுக்கு நான் ரத்தம் எடுக்கமாட்டேன்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று கிடைத்தது. ஒரு தடவை நாங்கள் இருக்கிற இந்த நாட்டுக்கே, மெல்பர்னில் பாட வந்திருக்கிறாள். நான்கு பாட்டு பாடிவிட்டு, ஐந்தாவது பாட்டின் நடுவில் மேடையை விட்டு இறங்கிப் போய்விட்டாளாம், திரும்பி வரவே இல்லை. அன்றைக்கு வந்தவர்கள் திட்டி எழுதியதையெல்லாம் ஒன்றுவிடாமல் படித்தேன். மகள் வந்ததும் அதை எடுத்து நீட்டினேன். பாதியில் இறங்கிப் போகிறவளை நம்பியா வேலையை விடுகிறாய் என்றேன். அவள் பொறுமையாகத்தான் சொன்னாள். கம்பெனிக்காரர்கள் பாடகியின் குரலை ஏற்கெனவே பதிவு செய்து, மேடையில் அவள் பாடும்போது அடியில் அதையும் ஓடவிடுவார்களாம். அன்றைக்கு அவளுக்குத் தொண்டை கட்டி, பாடுவதை நிறுத்தியிருக்கிறாள். பதிவு செய்த குரல் அது பாட்டுக்குப் பாடிக்கொண்டே இருந்ததாம். கூட்டத்தில் ஒருத்தருக்கும் வித்தியாசம் தெரியவில்லை, ஆடிக்கொண்டிருந்தார்கள். அதைப் பார்த்ததும் இறங்கிவிட்டாளாம்.

நல்ல கதைதான். ஆனால் யார் சொன்ன கதை? அவளே சொன்ன கதை. எனக்கு அது போதவில்லை.

எங்கள் கோவில்பட்டிப் பக்கம் பெண் கொடுப்பதற்கு முன்னால் விசாரிப்பது என்று ஒன்று உண்டு. மாப்பிள்ளை வீட்டில் போய்க் கேட்டால் உண்மை வருமா? அக்கம்பக்கத்தில் கேட்கவேண்டும். பெரியவளுக்குப் பார்த்தபோது என் தம்பி கோயம்புத்தூருக்குப் போய், பையன் இருந்த தெருவில் இஸ்திரி போடுகிறவரிடம் ஒரு மணி நேரம் நின்று பேசினான். பையன் துணியைக் கொடுக்கும்போதும் வாங்கும்போதும் எப்படிப் பேசுவான் என்பதை வைத்தே முடிவு செய்தோம். இன்றைக்கு அவர்கள் மெல்பர்ன் பக்கம் பாயிண்ட் குக்கில் இரண்டு பிள்ளைகளோடு நன்றாகத்தான் இருக்கிறார்கள். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சும்மாவா சொன்னார்கள்.

என் வீட்டுக்காரர் போய் ஆறு வருடமாகிறது. அவருடைய சித்தப்பா மகன் ஸ்டாக்ஹோமில் கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறான். அவனைப் போனில் பிடித்தேன். அந்த நாட்டில் ஒருவர் பெயரைத் தட்டினால் வீட்டு முகவரியே வந்துவிடுமாம். இதென்ன ஊர் என்று அதன்மேலும் ஒரு சந்தேகம். போய் விசாரி என்றேன். அவன் தயங்கினான்.

"அண்ணி, இங்க யாரும் அப்படிப் பக்கத்து வீட்ல போய்க் கேக்கமாட்டாங்க. தப்பா எடுத்துக்குவாங்க."

"உங்க அண்ணன் இருந்தா அவரே வந்து கேட்டிருப்பாரு. நான் யார்கிட்ட சொல்வேன்?" என்றேன். இதற்கு மேல் அவன் என்ன பேசுவான்? ஒரு சனிக்கிழமை போனான்.

வாடகைக்கு வீடு தேடுகிற மாதிரி நுழைந்து, பாடகிக்கு நேர் கீழ்வீட்டில் இருக்கிற ஒரு வயதானவரிடம் பேச்சுக்கொடுத்திருக்கிறான். மேலே இருக்கிற பெண் எப்படி, தனியாகவா இருக்கிறாள், யார் வந்து போகிறார்கள், குடிப்பழக்கம் உண்டா என்று நான் சொல்லிக்கொடுத்ததையெல்லாம் கேட்டிருக்கிறான். பிறகு எனக்கு நீளமாக ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினான். அந்தப் பெரியவர் சொன்னாராம், இரண்டு வருடமாக மேலேயிருந்து ஒரு சத்தமும் வந்ததில்லை, ஆள் இருப்பதே தெரியாது. இப்போது கொஞ்ச நாளாகக் காலையில் பாட்டுச் சத்தம் கேட்கிறது. ஒரே மெட்டைத் திருப்பித் திருப்பிப் பாடுகிறாள்.

கேட்டவுடன் எனக்குச் சுருக்கென்றது. இரண்டு வருடம் வாயே திறக்காத ஒருத்தி பாடகியா? என்ன வியாதியோ, என்ன வில்லங்கமோ. இன்னொரு தடவை போய் நன்றாகக் கேள் என்றேன். பாவம், போனான்.

அடுத்த வாரம் நான் வீட்டுக்கு வந்தபோது மகள் கடைக்குக் கிளம்பாமல் சமையலறைத் தரையில் உட்கார்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. கடையில் வேலையை விடுவதாக முந்தின நாள்தான் எழுதிக் கொடுத்திருந்தாள். போனை என்னிடம் நீட்டினாள். பாடகி எழுதியிருந்தாள். தன் கட்டடத்துக்கு யாரோ ஒரு ஆள் இரண்டு தடவை வந்து, தான் தனியாக இருக்கிறாளா, யார் வருகிறார்கள் என்று விசாரித்துவிட்டுப் போயிருக்கிறான். பல வருடத்துக்கு முன்னால் ஒருவன் இப்படித்தான் தன்னைப் பின்தொடர்ந்தான். அதனால்தான் பெயரையே மாற்றிக்கொண்டு எழுதவேண்டி வந்தது. மறுபடியும் அதைத் தாங்கத் தன்னால் முடியாது. வீட்டை விட்டுக் கொஞ்ச நாள் போகிறேன். பாட்டெல்லாம் அப்படியே இருக்கட்டும். என்னை மன்னித்துவிடு.

உண்மையைச் சொல்கிறேன். எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அப்பாடா, போகமாட்டாள். அடுத்த நிமிடம்தான் அந்த ஆள் யார் என்று உறைத்தது. அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். "எவனோ ஒரு பைத்தியக்காரன்மா," என்று அவள் அழுதாள். அந்தப் பைத்தியத்தின் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாய் என்று சொல்லாமல் நான் ரசத்துக்குப் புளி கரைத்தேன்.

மூன்று நாள் தாங்கினேன். அந்த மூன்று நாளும் அவளுக்குத் தெரிந்துவிட்டதோ என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை நிமிர்ந்து பார்த்தால் தெரிந்துவிட்டது, பார்க்காவிட்டாலும் தெரிந்துவிட்டது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பது சரிதான். நான்காம் நாள் சொல்லிவிட்டேன்.

கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தவில்லை. அவளுக்குக் கோபம் ஆங்கிலத்தில்தான் வரும், அதுவும் வரவில்லை. தமிழில்தான் கேட்டாள்.

"அவ பாட்டெல்லாம் கேட்டியாம்மா?"

"கேட்டேன்."

"என் பாட்டு?"

அதில் ஒன்றைக்கூட நான் கேட்டதில்லை. அவள் எழுந்து போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அன்றைக்கு நான் பாடகிக்கு ஒரு கடிதம் எழுதினேன். என் ஆஸ்பத்திரி ஆங்கிலத்தில்தான் எழுதினேன். வந்த ஆள் என் கொழுந்தன், அவன் மேல் குற்றமில்லை, அனுப்பியது நான். எங்கள் ஊரில் ஒரு பெண்ணை இன்னொரு வீட்டுக்கு அனுப்புவதென்றால் அக்கம்பக்கத்தில் கேட்போம். நான் என் மகளை உங்களிடம் அனுப்புவதாக இருந்தேன், அதனால் கேட்டேன். உங்களைப் பயமுறுத்தியதற்கு மன்னிக்கவேண்டும். என் மகளுக்கு இதில் எதுவும் தெரியாது, அவளைத் தண்டிக்காதீர்கள். நீங்கள் இரண்டு வருடமாகப் பாடவில்லை, இப்போதுதான் பாடுகிறீர்கள் என்று கீழ்வீட்டுக்காரர் சொன்னார். அது என் மகள் உங்களுக்கு அனுப்ப ஆரம்பித்த பிறகுதான் என்று இப்போது கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவ்வளவுதான் எழுதினேன். மகளிடம் கொடுத்தேன். அவள் படிக்காமலேயே படமெடுத்து அனுப்பினாள்.

பதினோரு நாள் பதில் இல்லை. அதற்குள் கடையில் அவள் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டது. வீட்டில் சும்மா இருந்தாள். நான் இருக்கும்போது அறையை விட்டு வெளியே வரமாட்டாள்.

பன்னிரண்டாம் நாள் போனை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். எனக்கென்று ஒரே ஒரு வரி வந்திருந்தது. கீழ்வீட்டுக்காரர் பாட்டைப் பற்றி வேறு என்ன சொன்னார், அவருக்குப் பிடித்திருந்ததா?

என்ன கேள்வி இது என்று முதலில் நினைத்தேன். உலகமெல்லாம் கைதட்டு வாங்கியவளுக்கு ஒரு கிழவருக்குப் பிடித்ததா என்று தெரியவேண்டுமாம். இதில் ஏதோ உள்குத்து இருக்கிறது என்றுகூடப் பட்டது. இருந்தாலும் கொழுந்தனுடைய வாய்ஸ் மெசேஜை முதலிலிருந்து மறுபடி போட்டுக் கேட்டேன். கடைசியில் ஒரு வாக்கியம் இருந்தது. நான் வில்லங்கம் தேடிக்கொண்டிருந்ததால் முதல் தடவை அது காதில் ஏறவில்லை. மேலே பாட்டு ஆரம்பித்தால் அந்தப் பெரியவர் தன் ரேடியோவை நிறுத்திவிடுவாராம்.

அதை அப்படியே எழுதி அனுப்பினோம். இரண்டு நாளில் டிக்கெட் வந்தது.

விமான நிலையத்தில் மகள் என்னைக் கட்டிப்பிடித்தாள், கடமைக்குத்தான். உள்ளே போகிறவரைக்கும் பார்த்துக்கொண்டே நின்றேன். அப்போதுகூட டிக்கெட் உண்மையானதுதானா என்று ஒரு சந்தேகம். உண்மையானதுதான். மூன்று மாதம் என்று போனவள், இப்போது ஐந்தாகிறது. அடுத்த மாதம் வருகிறாள். ஆல்பத்தில் ஏழு பாட்டு அவளும் சேர்ந்து எழுதியதாம். அந்தப் பாடகியைப் போல இவளும் ஒரு புதுப் பெயர் வைத்துக்கொள்வாளோ என்று பயந்தேன். இல்லை, அவள் அப்பா வைத்த பெயரிலேயேதான் வருகிறதாம்.

போன வாரம் வேலை முடிந்து வந்தபோது, பக்கத்து யூனிட் அன்ரி வாசலில் கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மன்னாரிலிருந்து வந்தவர். அவர் குசினி என்று சொல்கிற சமையலறைக்கும் என் மகள் அறைக்கும் ஒரே சுவர். என்ன சமைத்தீர், யார் வந்தது என்று கேட்டுக்கொண்டே இருப்பார் என்பதால் நான் அவரோடு அளவாகத்தான் பேசுவது. அன்றைக்கு அவரே ஆரம்பித்தார். மகள் இல்லாமல் சுவர் ஒரே அமைதியாக இருக்கிறது என்றார்.

எனக்குப் புரியவில்லை. அவள்தான் ஹெட்போனைக் கழற்றவே மாட்டாளே, உங்களுக்கு என்ன சத்தம் வரும் என்றேன்.

"ஐயோ பிள்ளை, என்ன வடிவாப் பாடுவா," என்றார். "விடிய நீர் வேலைக்குப் போன பிறகு தொடங்குவா. மத்தியானம் வரைக்கும் பாடுவா. நான் ரீவியையும் நிப்பாட்டிப்போட்டுக் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு இருந்து கேக்கிறனான். உம்மட கார் உள்ளுக்கு வாற சத்தம் கேட்டா மட்டும் நிப்பாட்டிப்போடுவா."

வேலைப் பழக்கம், இரண்டாம் தடவையும் கேட்டேன். "எப்பவுமா அன்ரி?"

"ஓம், எப்பவும்," என்றார்.

உள்ளே வந்து அவள் அறையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் திரும்பி வந்த பிறகு காரைத் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டுச் சத்தமில்லாமல் நடந்து வரலாமா என்று யோசித்தேன். அப்புறம், அதுவும் விசாரிப்புதான் என்று விட்டுவிட்டேன்.