பிஸ்கட் டின் நாயனம்

மலாக்காவில் கிளேபாங்கிலிருந்து ஆயர் குரோ வரைக்கும் எந்தக் கல்யாண மண்டபத்தில் ஒலிபெருக்கி கட்டியிருந்தாலும் அதன் முதுகைத் திருப்பிப் பாருங்கள்; வெள்ளைச் சாயத்தில் என் பெயர் இருக்கும். மூன்றாம் வகுப்பை முழுதாக முடிக்காத பொம்பளை. கணவர் போன பிறகு ஒற்றை ஒலிபெருக்கியையும் ஓர் ஓட்டை வேனையும் வைத்துக்கொண்டு தொடங்கினேன். 'இது ஆம்பளைங்க தொழில்லா, உனக்கெதுக்கு' என்று சிரித்தவர்கள் பின்னாளில் தங்கள் பெண்ணின் கல்யாணத்துக்கு என்னிடம்தான் வந்து நின்றார்கள். இதை நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

ஆனால் கரண்டைப் பாட வைக்க முயன்ற முதல் ஆள் எங்கள் வீட்டில் நான் இல்லை. என் சித்தப்பா.

காஜா பேராங்கில் அப்போது நாங்கள் இருந்தது தகரக் கூரை போட்ட பலகை வீடு. நடுவில் ஒரு பலகைத் தடுப்பு. இந்தப் பக்கம் அப்பா, அம்மா, நான். அந்தப் பக்கம் சித்தப்பாவும் சித்தியும். சித்தப்பா வெள்ளைக்காரப் பட்டாளத்தின் ரேடியோப் பட்டறையில் எடுபிடியாக இருந்தவர். கழித்துப் போட்ட வால்வுகள், குமிழ்கள், சுருள் கம்பிகள் எல்லாவற்றையும் கோணிப்பையில் கொண்டுவந்து தடுப்போரமாகக் குவித்து வைத்திருந்தார். அவற்றைப் பழைய பிஸ்கட் டின்களுக்குள் ஒவ்வொன்றாகக் குடியேற்றினார்.

ஒவ்வொரு டின்னுக்கும் ஒரு வேலைதான். ஒன்று சத்தத்தைப் பிறப்பிக்கும். வெறும் 'ங்' என்ற சத்தம், தேனீ போல. இன்னொன்று அந்தச் சத்தத்தை நடுங்க வைக்கும். இன்னொன்று அதன் கூர்மையை அரம் போட்டதுபோல் தேய்த்துவிடும். மற்றொன்று மெல்ல எழுப்பி மெல்ல அடக்கும். டின்களின் வயிற்றில் துளைகள். இந்த டின்னின் துளையிலிருந்து அந்த டின்னின் துளைக்கு வயர் போகும். எந்த வயர் எங்கே போகிறது என்பதில்தான் குரல் இருக்கிறது. இன்றைக்கு இப்படி டின் டின்னாகச் சேர்த்து இசை செய்வதற்கு வெளிநாட்டில் பெரிய பெயரெல்லாம் வைத்திருக்கிறார்களாம்; என் கடைப் பையன் கைப்பேசியில் காட்டினான். நான் அதைச் சின்ன வயதிலேயே பார்த்துவிட்டேன் என்றேன். அவன் நம்பவில்லை. நம்பாவிட்டால் எனக்கென்ன?

மலாயாவுக்குச் சுதந்திரம் வரப்போகிற வருஷம் அது. ஊர்வலத்தில் தமிழர்கள் சார்பாக ஒரு லாரி அலங்காரம் செய்வதாக ஏற்பாடு. கமிட்டித் தலைவர் மளிகைக்கடை முதலாளி. லாரியில் நாயனம் வாசிக்க ஆள் கிடைக்கவில்லை. இருந்தவர்களைக் கோலாலம்பூர்க்காரர்கள் முன்பே பேசி வைத்துவிட்டார்கள்.

"ரெக்கார்டு போட்டுக்க வேண்டியதுதான்" என்றார் முதலாளி.

"ரெக்கார்டு எதுக்கு முதலாளி? நாயனத்தையே செஞ்சு தர்றேன்" என்றார் சித்தப்பா.

"நாயனத்த மரத்துல செய்வாங்க. நீ தகரத்துல செய்யப் போறியாக்கும்?"

"தகரம் பாதி, கரண்டு பாதி."

முதலாளி வயிறு குலுங்கச் சிரித்துவிட்டு, சரி, செய்து காட்டு என்று போனார். சித்தப்பா என்னைத் தூக்கி டின் மேல் உட்கார வைத்து, ஊர்வல லாரியில் இந்த டின்களுக்குப் பக்கத்தில் நீதான் உட்காரப் போகிறாய் என்றார். அன்றைக்கே எனக்குச் சுதந்திரம் வந்துவிட்டது.

இதற்கு நடுவில்தான் சித்தியின் பிள்ளை பிறந்ததும் போனதும். ஆண் பிள்ளை. பெயர் வைப்பதற்குள் காய்ச்சல் வந்தது. ஒரு நாள் காலையில் அப்பா ஒரு வெள்ளைத் துணி மூட்டையை மார்போடு அணைத்துக்கொண்டு வெளியே போனார். பின்னாலேயே சித்தப்பா மண்வெட்டியோடு போனார். செடி நடப் போகிறார்களா என்று நான் கேட்டதாக அம்மா பிற்பாடு சொல்லியிருக்கிறாள். எனக்கு ஞாபகமில்லை.

எனக்கு ஞாபகமிருப்பது மல்லிகைப்பூ. அம்மா தினமும் ஜாலான் துக்காங் எமாஸ் வரைக்கும் நடந்துபோய், பிள்ளையார் கோயில் வாசலில் மல்லிகைச் சரம் வாங்கி வருவாள். எனக்கு ஒரு கிள்ளுகூடக் கிடையாது. சித்தியை உள்ளே அழைத்துப்போய்க் கதவைச் சாத்துவாள். திரும்பி வரும்போது சித்தியின் தலையில் பூ இருக்காது. ரவிக்கைக்குள் துணி வைத்து இறுக்கிக் கட்டியிருக்கும், வீடெல்லாம் மணக்கும். பிள்ளையைப் பறிகொடுத்தவளுக்குத் தினம் பூ, அதுவும் தலையில் வைக்காமல் ஒளித்து வைத்துக்கொள்ளப் பூ! எனக்குப் பொறாமை பொங்கியது. "எனக்கும் சட்டைக்குள்ள வச்சுக் கட்டுங்க" என்று ஒரு நாள் கேட்டதற்கு அம்மா முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

சித்தி பேசுவதை நிறுத்தியிருந்தாள். சாப்பாட்டுத் தட்டு எப்படிப் போனதோ அப்படியே திரும்பி வரும். சித்தப்பா மட்டும் தடுப்போரத்தில் உட்கார்ந்து குமிழ்களைத் திருகிக்கொண்டே இருந்தார். கார் ஹாரன் வந்தது, கொசு வந்தது, வால் மிதிபட்ட பூனை வந்தது. நாயனம் வரவில்லை.

ஒரு சாயங்காலம், நடுங்க வைக்கிற டின்னிலிருந்து வயரை எடுத்துக் கூர்மை தேய்க்கிற டின்னில் செருகினார். சத்தம் ஒரு முறை விக்கியது. மேலே ஏறியது, மூச்சு வாங்கியது, மறுபடி ஏறியது. அந்த நேரம் வாசலில் கூடையோடு பலகாரம் விற்கிற செட்டிக் கிழவி நின்றுகொண்டிருந்தாள். மலாக்காச் செட்டிகள் பரம்பரை பரம்பரையாக இங்கேயே இருப்பவர்கள்; அவர்களுக்குத் தமிழ் வராது, மலாய்தான்.

"அனாக் சியாப்பா மெனாங்கிஸ்?" என்றாள். யார் வீட்டுப் பிள்ளை அழுகிறது என்று கேட்டாள்.

சித்தப்பாவின் கை குமிழிலேயே நின்றுவிட்டது. அதற்குள் அடுக்களையிலிருந்து சித்தி ஓடி வந்தாள். அத்தனை நாள் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தவள், ஓடி வந்தாள். டின்களுக்கு முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தாள். அவள் ரவிக்கையின் முன்பக்கம் முழுதும் நனைந்திருந்தது. தண்ணீர்ப் பானையைத் தூக்கி வந்தாள் போலிருக்கிறது என்று நினைத்தேன். அம்மா பின்னாலேயே வந்து தன் முந்தானையால் அவளைப் போர்த்தினாள்.

சித்தப்பா வயரைப் பிடுங்கக் கை நீட்டினார்.

"அத எடுத்துராதீங்க" என்றாள் சித்தி. பிள்ளை போன பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான். அன்றைக்கு அவள் சோறும் தின்றாள்.

அந்தக் குரலை எடுத்துவிட்டால் மறுபடி கொண்டுவர முடியாது. இது இந்தத் தொழிலில் இருக்கிறவர்களுக்குத் தெரியும்; சித்தப்பா சித்தியிடமும் சொல்லியிருந்தார். அதே வயரை அதே துளையில் செருகினாலும் வராது. குமிழ் ஒரு மயிரிழை விலகியிருக்கும், செருகின முனை வேறு மாதிரி பதிந்திருக்கும், வேறு யாரோ ஒருவருடைய குரல்தான் வரும். டின் எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ளாது. நாயனம் வேண்டுமானால் வயர்களைப் பிடுங்க வேண்டும். பிடுங்கினால் பிள்ளை போய்விடும். சித்தப்பா பிடுங்கவில்லை. பொழுது சாய்ந்தால் சுவிட்சைப் போடுவார். சித்தி வந்து உட்காருவாள். டின் அழும். அவள் முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டே கேட்பாள். பிறகு வந்து ஒரு பிடி சோறு தின்பாள்.

அம்மா ஒரு நாள் பொறுக்க முடியாமல் கேட்டாள்.

"தம்பி, நான் பூ வச்சுக் கட்டிக் கட்டி வத்த வைக்கிறேன். நீங்க அந்தியானா ஊற வைக்கிறீங்க. அவளுக்குக் காய்ச்சல் அடிக்குது. கல்லு மாதிரி கட்டிக்கிட்டிருக்கு. இது நல்லதுக்கில்ல, சொல்லிட்டேன்."

"அண்ணி, அவ இன்னிக்கு சோறு தின்னாளா இல்லியா? அத மட்டும் சொல்லுங்க."

"தின்னா."

"அப்ப விடுங்க."

அப்பா சுருட்டை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். எதை வற்ற வைக்கிறார்கள், எது ஊறுகிறது என்று எனக்கு விளங்கவில்லை. ஏதோ கிணற்று விவகாரம் என்று விட்டுவிட்டேன்.

ஊர்வலம் நெருங்கியபோது முதலாளி நாயனத்தைக் கேட்க வந்தார். நேரம் பார்த்து அந்தியில் வந்தார். வாசலிலேயே நின்று காது கொடுத்தவர், கைதட்டிச் சிரித்தார்.

"என்னாப்பா, நாயனக்காரருக்கு இன்னும் பல்லு மொளைக்கலியா?"

உள்ளே எட்டிப் பார்த்தார். டின்களுக்கு முன்னால் ஆடிக்கொண்டிருந்த சித்தியைப் பார்த்தார். வாயில் இருந்த வெற்றிலையை மெல்லுவதை நிறுத்தினார். தோளில் கிடந்த துண்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு படியிறங்கிப் போனார். மறுநாள் கமிட்டியில் ரெக்கார்டு என்று முடிவானது. என் லாரி போயே போய்விட்டது. நான் சித்தி மேல் கோபமாக இருந்தேன். அவள் ஒரு வார்த்தை சொன்னால் சித்தப்பா நாயனம் செய்திருப்பார் அல்லவா?

சுதந்திரத்துக்கு முந்தின சாயங்காலம் ஊரெல்லாம் வண்ண பல்பு கட்டியிருந்தார்கள். தெருவில் பிள்ளைகள் காகிதக் கொடியோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் சித்தி பாயில் கிடந்தாள். உடம்பு நெருப்பாகக் கொதித்தது. கையைத் தூக்கினால் முனகினாள். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போவோம் என்று அப்பா திரிஷா வண்டி கூட்டி வரப் போயிருந்தார். சித்தி எழுந்திருக்க மாட்டேன் என்றாள்.

"போடுங்க" என்றாள் சித்தப்பாவிடம். "போட்டாத்தான் வருவேன்."

அவர் சுவிட்சைப் போட்டார். டின் அழத் தொடங்கியது. சித்தி ஊர்ந்து பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அந்தச் சமயம் பார்த்து ஊர் பல்புகள் எல்லாம் ஒன்றாக எரிந்தன. தெருவில் ஒரே ஆரவாரம். எங்கள் விளக்கு மங்கிச் சிவந்தது. டின்னின் அழுகை கீழே இறங்கியது. குழந்தை குரல் பையன் குரலாகி, பையன் குரல் ஆள் குரலாகி, கடைசியில் சாகக் கிடக்கிற கிழவர் குரலாகி இழுத்தது. எங்கள் வீட்டில் மட்டும் கரண்டு போயிற்று. கும்மிருட்டு.

அந்த இருட்டில் 'சடக், சடக்' என்று ஒரு சத்தம் கேட்டது. அவசரமில்லாத சத்தம். கீரை ஆய்கிறபோது காம்பு ஒடிகிற மாதிரி.

அம்மா மெழுகுவத்தி கொண்டுவந்தாள். டின்களின் துளைகள் எல்லாம் காலியாக இருந்தன. வயர்கள் அத்தனையும் சித்தியின் மடியில் இருந்தன. கடைசி வயரைச் சுருட்டி, பிள்ளைத் துணியை மடிப்பதுபோல் மடித்து வைத்துக்கொண்டிருந்தாள்.

"என்ன காரியம் பண்ணிட்டே!" என்றார் சித்தப்பா. "இனிமே வராதே. அது வராதே, தெரியுமா உனக்கு?"

"தெரியும். நீங்கதான சொன்னீங்க."

"அப்பறம் ஏன்?"

"பசிச்சு அழுவுறான்ங்க" என்றாள் சித்தி. "தெனம் பசிச்சு அழுவுறான். எங்கிட்ட இருக்கு. குடுக்கத்தான் முடியல. எத்தன நாளைக்கி அழுவான் அவன்?"

சித்தப்பா தரையில் உட்கார்ந்துவிட்டார். ஒரு வயரை எடுத்து ஒரு துளையில் செருகினார். பிறகு எடுத்து இன்னொன்றில் செருகினார். கரண்டே இல்லை.

வயர்களையெல்லாம் பிடுங்கியாயிற்று, இனி நாயனமும் வராது, லாரியும் வராது என்று அப்போதுதான் எனக்கு முடிவாகத் தெரிந்தது. வீடு இடிகிற மாதிரி அழுதேன். சித்தி என்னை இழுத்து மடியில் போட்டு மார்போடு இறுக்கினாள். அவள் மேல் வாடிய மல்லிகை வாசமும் ஏதோ புளித்த வாசமும் அடித்தது. என் கன்னமெல்லாம் ஈரமானது.

"விடுங்க சித்தி, நனைஞ்சிருக்கு" என்று அவளைத் தள்ளினேன்.

அப்பா திரிஷாவோடு வந்தார். பல்பு வெளிச்சத்துக்கு நடுவே, கொடி பிடித்த கூட்டத்தை விலக்கிக்கொண்டு சித்தியைக் கொண்டுபோனார்கள். மார்பில் கத்தி வைத்துச் சீழ் எடுத்தார்களாம். பிழைத்தாள். பிறகு அவர்கள் ஜாசின் பக்கம் தோட்ட வேலைக்குப் போனார்கள். அவர்களுக்கு வேறு பிள்ளை இல்லை. சித்தப்பா வானொலிப் பெட்டியைக்கூடத் தொட்டதில்லை. டின்களை விட்டுவிட்டுப் போனார்கள். அம்மா இரண்டில் முறுக்கு போட்டு வைத்தாள். துளை வழியாகக் காற்றுப் போய் எல்லாம் நமத்துவிட்டது.

என் முதல் பிள்ளை பிறந்தது மலாக்கா ஆஸ்பத்திரியில். மறுநாளோ அதற்கு மறுநாளோ, பிள்ளை தொட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தது. பக்கத்துக் கட்டிலில் ஒரு சீனப் பெண்ணின் குழந்தை வீறிட்டு அழுதது. யாரோ பெற்றது. என் பிள்ளைகூட இல்லை. கீழே குனிந்து பார்க்கிறேன், என் ரவிக்கை முன்பக்கம் முழுதும் நனைந்திருக்கிறது.

தாதி சிரித்துக்கொண்டே துணி கொண்டுவந்தாள். நான் அதை வாங்காமல் உட்கார்ந்திருந்தேன். சித்தி எந்தத் தண்ணீர்ப் பானையையும் தூக்கி வரவில்லை.