ஊசி விற்றவளும் மாரல் கரேஜும்

செஞ்சிக் கடைத்தெருவில் விளக்கு வைத்த பிறகு உப்பு வாங்க முடியாது. மூட்டை கண்ணெதிரே இருக்கும். கடைக்காரர் கூசாமல், "இல்லியே சார்" என்பார். ஊசியும் அப்படித்தான். கொடுத்தால் கூடவே லட்சுமியும் போய்விடுவாளாம். வந்த புதிதில் மூட்டையைக் கைகாட்டி நான் வாதாடியிருக்கிறேன். அவர் என்னைப் பைத்தியக்காரனைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். பர்மாவிலிருந்து கப்பலேறி வந்து ஊர் ஊராகச் சிதறிக் கிடக்கும் நம்மவர்களே, ரங்கூனில் நமக்கு விளக்கு வைத்த பிறகுதான் வியாபாரமே சூடுபிடிக்கும். இதற்குத் தாய்நாடு என்று பெயர். எதை எப்போது கேட்கக்கூடாது என்பதை ஒவ்வொன்றாகப் பட்டுத்தான் தெரிந்துகொள்கிறோம்.

எனக்கு இங்கே ஒரு பள்ளியில் ஆங்கில வாத்தியார் வேலை, அதுவும் தற்காலிகமாக. நான்-டீடெயில் பாடத்துக்கு ஒரு பழைய ஆங்கில நாவலின் சுருக்கம் வைத்திருந்தார்கள். ஊரே ஒரு பரதேசிக் கிழவனைத் திருடன் என்று அடிக்கிறது. மாவு மில்காரன் ஒருவன் முன்னால் வந்து, திருடியது தன் தம்பிதான் என்கிறான். ஊர் அவன் மில்லை நொறுக்குகிறது; மனைவியோடு வண்டியேறிப் போகிறான். அந்த அத்தியாயத்தை மட்டும் தலைமையாசிரியர்தான் நடத்துவார். "மாரல் கரேஜ்னா இன்னா தெரியுமாடா? சிங்கத்தோட சண்ட போடறது இல்ல. நாலு பேரு முன்னால நெசத்த சொல்றது!" என்று சொல்லும்போது கண்ணீரைத் துண்டால் துடைத்துக்கொள்வார். சத்தியமாக என் உடம்பு சிலிர்த்தது. நல்ல ஊருக்குத்தான் வந்து சேர்ந்திருக்கிறோம் என்று மனைவியிடம் சொன்னேன்.

அஞ்சலை ரங்கூனில் எங்களுக்கு அடுத்த தெரு. புருஷனை அங்கேயே புதைத்துவிட்டு, இரண்டு பெண் குழந்தைகளோடு வந்தவள். ஜவுளிக்கடை வாசலோரம் சாக்கு விரித்துச் சீப்பு, பொத்தான், ஊசி விற்றாள். ஒருநாள் விளக்கு வைக்கும் நேரத்தில் யாரோ ஊசி கேட்க, ரங்கூன் பழக்கத்தில் எடுத்துக் கொடுத்துவிட்டாள். மறுநாள் பட்டப்பகலில் ஜவுளிக்கடையில் மெத்தைக்கு வைத்திருந்த பஞ்சு தீப்பிடித்தது. தலையணைக்குப் பஞ்சு வாங்கப் போயிருந்த தலைமையாசிரியர் அன்று மாலையே என்னிடம் சொன்னார்: "மொதலாளி புள்ள பீடிய அணைக்காம மூட்ட மேல போட்டுட்டுப் போனான் சார். என் கண்ணால பாத்தேன்." ஆனால் கடைத்தெருவோ, அஞ்சலை விற்ற ஊசியால்தான் தீ வந்தது என்று முடிவுகட்டிவிட்டது.

கடைக்காரர்கள் கூடினார்கள். "இவ இனிமே இங்க குந்தக் கூடாது" என்றார் ஜவுளிக்கடை முதலாளி. அந்தச் சாக்கு விரிக்கும் இடம் போனால் அவளுக்கும் குழந்தைகளுக்கும் கஞ்சி இல்லை. "தெரியாம குடுத்துட்டேங்க. எங்க ஊர்ல இருட்டினப்புறம்தான் ஊசி தேடுவாங்க" என்றாள். எல்லாரும் சிரித்தார்கள். தலைமையாசிரியர் பேசுவார், பேசுவார் என்று பார்த்தேன். அவர் தூரத்தில் தெரிந்த கோட்டை மலையை அன்றுதான் புதிதாகப் பார்ப்பவர்போலப் பார்த்துக்கொண்டு நின்றார். பொறுக்க முடியாமல் நானே, தீ பீடியால் வந்தது, ஐயாவே பார்த்திருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். "நானா? நான் அந்தப் பக்கமே போவலியே" என்றார் அவர்.

அஞ்சலைக்கு இனி இடமில்லை என்று முடிவாகிக் கூட்டம் கலைந்ததும், அவரை வழியில் மறித்துக் கேட்டேன். "உங்களுக்கு இன்னா சார், நாளைக்கே பொட்டியத் தூக்கினு போயிடுவீங்க. நான் இங்கதான் சாவணும்" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. எங்கே போவேன் நான்? ஊர் உள்ளவன் உண்மை சொன்னால் துணிச்சல். ஊரில்லாதவன் சொன்னால் அது கொழுப்பு. அந்த நாவலும் மில்காரன் வண்டியேறியதோடு முடிந்துவிடுகிறது. போய்ச் சேர்ந்த ஊரில் அவன் யார் காலைப் பிடித்தான் என்று எழுத அந்த ஆசிரியருக்குத் தோன்றவில்லை.

மறுநாள் காலை அஞ்சலை ஜவுளிக்கடை வாசலில் கற்பூரம் ஏற்றி, முதலாளி காலில் விழுந்து, தீ தன்னால்தான் வந்தது என்று மன்னிப்புக் கேட்டாள். இடம் மிஞ்சியது. ஏன் இப்படிச் செய்தாய் என்று கோபித்தேன். "நீங்க சொன்னது நெசம்தான் அண்ணே. நெசத்தப் போட்டு ஒல வைக்க முடியுமா?" என்றாள். அடுத்த வாரம் தலைமையாசிரியர் 'பி' பிரிவுக்கு அதே அத்தியாயத்தை நடத்தினார். கண்ணீரும் அதே இடத்தில் வந்தது.

போன மாதம் சீப்பு வாங்கப் போனேன். பக்கத்தில் யாரும் இல்லை. அஞ்சலை குரலைத் தாழ்த்திப் பர்மியப் பேச்சில் என் மனைவியின் உடம்பைப் பற்றி விசாரித்தாள். அந்தப் பேச்சைக் கேட்டு எத்தனை நாளாயிற்று! அதற்குள் ஓர் அம்மாள் வந்து சீப்புகளைப் புரட்டியபடி, "யாரு இவுரு?" என்று கேட்டாள்.

"அவுரு பர்மாக்காரரு. நம்ம ஊரு பழக்கம் ஒன்னும் தெரியாது" என்றாள் அஞ்சலை. பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னா வேணும் சார்?" என்றாள்.