ஆற்றை நம்பி எழுதிய எல்லை

மழை ஓய்ந்த வாரம். வங்காளத்து நியூ டவுன் அலுவலகத்தின் பதினோராம் மாடியில், மேசையில் விரித்த வரைபடத்தின் மேல் உள்ளங்கையை ஊன்றியபடி மதனி நின்றிருந்தார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிற கை அது.

மதனி என் அண்ணன் மனைவி. எங்கள் கம்பெனியின் சட்ட அதிகாரி. நான் அங்கே வரைபடம் போடுகிறவன். வடக்கே, பூடான் மலையடிவாரத்தில், ஆற்றுப் படுகையில் கல் அள்ளும் குத்தகை எங்களுடையது. கிழக்கு எல்லை ‘ஆற்றின் கிழக்குக் கரை’ என்று பத்திரத்தில் எழுதியவர் மதனி. நீலக்கோடு இழுத்தவன் நான். பவானிபூரில் வளர்ந்த எங்களுக்கு வேறென்ன தெரியும்? படித்துறைகளுக்கு நடுவே ஏறி இறங்கி, சொன்ன இடத்தில் கிடக்கிற கங்கையைத்தான் தெரியும். மலையாறு அப்படியா! அந்த மழையில் இரண்டே நாளில் கிழக்கே தாவி, ஒருவருடைய பாக்குத் தோப்புக்கு அப்பால் போய் ஓடியது. தோப்பு தப்பியது, ஆனால் பத்திரப்படி அது எங்கள் எல்லைக்குள் வந்துவிட்டது. தோப்பின் அடியிலும் கல்தான்.

“திதி, ஆறே கொண்டுவந்து கொடுக்குது, வேண்டாம்னா சொல்றது?” என்று சிரித்தார் மேனேஜர். திதி என்றால் அக்கா.

மதனி சிரிக்கவில்லை. ரயிலேறிப் போனோம். பாலம் போயிருந்ததால் கடைசி இரண்டு மைல் நடை, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு. தோப்புக்காரர் தேநீர் கொடுத்தார். நான் ‘மதனி’ என்று கூப்பிடுவதற்கு அர்த்தம் கேட்டுக்கொண்டு, அவரும் அதையே வங்க மொழியில் ‘பௌதி’ என்று கூப்பிட்டார்.

“பௌதி, ஆறு வந்தா ஒதுங்கி நிப்பேன். காகிதம் வந்தா எங்க ஒதுங்க?”

திரும்பும் ரயிலில் மதனி முறுக்குப் பொட்டலத்தைப் பிரித்து என்னிடம் நீட்டினார். பிறகு, “தப்பு ஆத்து மேல இல்ல தம்பி, எம்மேல” என்றார்.

“கோடு போட்டது நாந்தான மதனி?”

“நான் சொல்லித்தான போட்டீங்க? பேசாம முறுக்கத் தின்னுங்க.”

‘எல்லையைப் பிழையாக எழுதியது நான்தான். ஆற்றை விட்டுவிட்டு, பழைய கரை இருந்த இடத்தில் எல்லைக்கல் நட வேண்டும்’ என்று மறுநாளே மதனி எழுதிக் கொடுத்தார். அந்தக் கடிதம் போனால் அடுத்து வரவிருந்த துறைத்தலைவர் பதவி கைவிட்டுப் போகும் என்று மேனேஜர் நல்லவிதமாகவே சொல்லிப் பார்த்தார். கடிதம் போனது. பதவியும் போனது. பத்திரம் திருந்தியது; தோப்புக்கு மேற்கே நான்கு கற்கள் நட்டோம். ஓய்வு பெறும்வரை மதனி அதே மூலை மேசையில்தான் இருந்தார். ஒரே ஒருமுறை, துறைத்தலைவர் அறைப் பக்கம் பார்த்து, “அந்த ரூம்ல ஜன்னல் பெரிசு, இல்ல?” என்றார்.

இந்த ஆண்டு மழைக்குப் பின் வேறு வேலையாக அந்தப் பக்கம் போனேன். லேக் கார்டன்ஸ் வீட்டிலிருக்கும் மதனியை அங்கிருந்தே போனில் கூப்பிட்டேன்.

“ஆறு எங்க இருக்கு?” என்பதுதான் முதல் கேள்வி.

“இன்னும் கிழக்க போயிட்டு மதனி. ஊர்ப் பள்ளிக்கூடமும் இப்ப ஆத்துக்கு இந்தப் பக்கம். பழைய பத்திரம்னா அதுவும் நம்ம எல்லைக்குள்ளதான்.”

“கல்லு?”

“வச்ச இடத்துல.”

“தோப்பு?”

“தோப்புக்குள்ளதான் நின்னு பேசுதேன்.”

உடனே மதனி சொன்னார்:

“பாக்கு தலையில விழும். தள்ளி நில்லுங்க.”